தவுட்டுக்கு வாங்குன மகாராணி

கத ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எல்லாரும் நல்லா அழுந்த உக்காந்துக்கங்க, சம்மணம் போட்டாலும் சரி, கால நீட்டுனாலும் சரி, ஏன்னா இது மேல போனவளப் பத்துன கத, கேக்குறவுகளும் அவ கூடவே கெளம்பிட்டா நான் ஒருத்தி யார் யாரப் பிடிச்சு இழுக்குறது?

ஏழுமடைன்னு ஒரு சமஸ்தானம். சமஸ்தானம்னதும் பெருசா நெனச்சுக்காதீக, கெழக்கு வாசல்ல நின்னு ராசா தும்முனா மேக்கு எல்லையில ஆடு மேய்க்கிறவன் 'நூறு'ம்பான், மறு தும்மலுக்கு 'எரநூறு'ம்பான், அம்புட்டுத்தான் நீளம். ஒரு கம்மா, அதுலருந்து வயலுக்குத் தண்ணி தொறக்க ஏழு மட, ஒரு அரமன, ஒரு யானை. அந்த யானைக்கு எடது பக்கம் கண்ணு தெரியாது, அதனால ராசா ஊர்வலம் எப்பவும் வலது பக்கமாவே திரும்பித் திரும்பி, பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேரும், சனங்களும் 'ராசா ஒலகத்தச் சுத்திட்டு வந்துட்டாக'ன்னு கொலவ போடுவாக.

ராசா பேரு சிங்கமுத்து, ராணி பேரு கோமதி நாச்சியாரு. அவுகளுக்குப் பொறந்த புள்ளக ஒண்ணும் தங்கல. கடைசியா ஒரு பொம்பளப் புள்ள பொறந்தப்ப, நம்ம பக்கம் செய்யிறதத்தான் ராணியும் செஞ்சாக. எமன் கண்ணுல படாம இருக்கணும்னா புள்ளைய வேண்டாத பொருளாக்கணும்ல? பட்டுத்துணியில சுத்துன புள்ளையக் கொண்டாந்து அரமனக் குப்பமேட்டுல போட்டாக. அரமனையில நெல்லுக் குத்துற மூக்காயி, இடுப்புல தன் கைப்புள்ள ஒச்சம்மாவ வச்சுக்கிட்டே வந்து, குப்பையில கெடந்தத எடுத்து இன்னொரு இடுப்புல வச்சுக்கிட்டா. ஒடனே ராணி மொறத்துல தவுடு கொண்டுவந்து, "ஏத்தா, அந்தப் புள்ளையக் குடுக்குறியா, தவுடு தாரேன்"னாக. மூக்காயி சும்மா 'சரி'ன்னு குடுக்க வேண்டியதுதான மொற? அவ தவுட்ட எடுத்து ஊதிப் பாத்தா. "என்ன தாயி, இம்புட்டு லேசா இருக்கு, இத வாங்கி எங்கோழி கூடத் திங்காது"ன்னா. பக்கத்துல நின்ன தாதியெல்லாம் சிரிச்சாளுக. தவுடு லேசா இருந்ததுனாலதான் பின்னால அப்படி ஆச்சுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். எனக்கென்ன தெரியும், நான் தவுட்ட நிறுத்தா பாத்தேன்?

புள்ளைக்குத் தவுடுன்னே பேரு வச்சாக. ஏட்டுப் பேரு ராசமாதங்கி நாச்சியாரு. கூப்புடுற பேரு தவுடு.

பேரு விட்ட அன்னைக்கு, கட்டியக்காரரு சடையப்பன், அதான் ராசாவுக்கு முன்னால போயி பட்டப்பேரெல்லாம் கூவுறவரு, தொட்டில் முன்னால நின்னு தொண்டையச் செருமி, "ராசகுல திலக, ரத்தின தீப..."ன்னு எடுத்தாரு. தொட்டில்ல இருந்த புள்ள மெதுவா எந்திரிச்சுச்சு. எந்திரிச்சுச்சுன்னா உக்காரல, படுத்தவாக்குல, பாலு பொங்குற மாதிரி அப்படியே மேல வந்துச்சு. அவரு கண்ண மூடிக்கிட்டுக் கூவுறவரு, இன்னும் ரெண்ட எடுத்து விட, புள்ள போயி உத்தரத்துல முட்டி நின்னுக்கிட்டுக் கையக் கால ஆட்டுது.

கோமதி நாச்சியாரு அண்ணாந்து பாத்துட்டு, "இந்த ஒட்டடைய எப்பத்தான் அடிப்பீக? புள்ள கண்ணுல விழப்போகுது"ன்னாக.

மூக்காயிதான், "அடி தவுட்டுக்கு வாங்குன கழுத, எறங்குடி"ன்னு ஒரு அதட்டு போட்டா. புள்ள தொப்புன்னு அவ மடியில வந்து விழுந்து, பசிக்குதுன்னு அழுதுச்சு.

அன்னையிலருந்து ஏழுமடையில எல்லாருக்கும் கணக்குப் புரிஞ்சுபோச்சு. பாராட்டுனா ஏறும், வஞ்சா எறங்கும். 'செல்லம்'னா ஒரு சாண். 'தங்கம்'னா இடுப்பு ஒசரம். 'மகாலச்சுமி'ன்னு சொன்னா முருங்க மரத்து உச்சி. வெறும் 'வாங்க, போங்க'ன்னு மருவாதக்கி ஒரு 'ங்க' போட்டாலே பெருவிரல் தவுர பாதம் பூரா கெளம்பிரும். அதனால ஊரே அதுக்கிட்ட 'வாடி, போடி'ன்னு பேசப் பழகிக்கிருச்சு. கோயில் குருக்களு கூட விபூதி குடுக்கையில, "இந்தாடி, பூசிக்க"ம்பாரு, சொல்லிட்டுப் பயந்துபோயி சாமியப் பாப்பாரு.

பொம்பளைகளுக்கு அதுல சௌகரியமும் இருந்துச்சு. மாங்கா உச்சாணிக் கொப்புல தொங்கும், நாலு பேரு கீழ நின்னு, "என்ன அழகு, என்ன அறிவு"ன்னு பாடுவாளுக, இளவரசி மேல போயி மடி நெறையப் பறிச்சதும், "போதும் எறங்குடி மூதேவி"ம்பாளுக. எங்க ஊரு பக்கத்துல பூச்சம்மான்னு ஒருத்தி, இதக் கேட்டுட்டு, தன் மாமியாளையும் இப்படியே மேல அனுப்பிரலாம்னு விடிஞ்சா அடஞ்சா புகழ்ந்திருக்கா. 'எங்கத்த மாதிரி உண்டா'ன்னு புகழப் புகழ, பத்து நாளைக்குன்னு வந்த மாமியா, 'இம்புட்டுப் பாசமான மருமக கிட்ட விட்டுட்டு எங்க போறது'ன்னு அங்கயே பொட்டியத் தெறந்து வச்சிட்டா. எல்லாருக்கும் பலிக்குமா அது? அதுக்குத் தவுட்டுக்கு வாங்கியிருக்கணும்.

சரி, வளப்புக்கு வாரேன். பட்டத்துக்கு வர்ற புள்ளைக்குப் படிப்பு வேணும்ல? மதுரையிலருந்து ஒரு டீச்சரம்மா வந்தாக, கண்ணாடி போட்டு, கொட புடிச்சு. மொத நா கணக்குச் சொல்லிக் குடுத்தாக, புள்ள சரியாப் போட்டுருச்சு, 'வெரி குட்'டுன்னுட்டாக. புள்ள மச்சுல போயி நிக்க, கீழருந்து பிரம்பால உத்தரத்தத் தட்டித் தட்டித்தான் மீதிப் பாடம் நடத்துனாக. கணக்கு சரியா வந்தா, "ம், மோசமில்ல"ன்னு மொகத்தச் சுழிச்சுக்கிட்டே சொல்லணும்னு பழகுறதுக்குள்ள அந்தம்மாவுக்கு அந்தச் சுழிப்பே நெலச்சுப்போச்சு, லீவுக்கு வீட்டுக்குப் போனப்ப, 'என்னய ஏன் இப்படிப் பாக்குற?'ன்னு புருசன் சண்டைக்கு வந்துட்டாராம்.

அப்பறம் வழக்குக் கேக்கப் பழக்குனாக. வாரத்துக்கு ஒரு தடவ இளவரசி சபையில உக்காந்து சனங்க கொற கேக்கணும். கொற சொல்ல வர்றவுக வழக்கமா எப்படி ஆரம்பிப்பாக? 'தர்ம தொரையே, எங்க குலதெய்வமே.' ஆரம்பிச்ச ஒடனே இளவரசி வெளக்குத் தொங்குற சங்கிலிக்குப் போயிரும், கீழ சொல்றது காதுல விழாது, தீர்ப்பு தப்பாப் போயிரும். ஒருக்கா மாட்டுத் திருட்டு வழக்குல, பறிகொடுத்தவனுக்கே அபராதம் விழுந்துருச்சு. அதுக்கப்பறம் சனங்க சூதானமாயிட்டாக. வந்து நின்னதும், "ஏ தவுடு, மூணாம் மடையில தண்ணி வரல, நீ என்னத்தப் புடுங்கிக்கிட்டு இருக்க?"ன்னு நேரா வெசயத்துக்கு வந்துருவாக. இளவரசி எந்திரிச்சு, மம்பட்டிய எடுத்துக்கிட்டு அவுக கூடவே நடந்து போயி மடையப் பாக்கும். கால் சேத்துல அழுந்தி நடக்குறது அதுக்கு அம்புட்டுப் புடிக்கும். சுத்துப்பட்டுச் சமஸ்தானத்துலயெல்லாம் அப்பப் பஞ்சம், ஏழுமடையில மட்டும் கடமடை வரைக்கும் தண்ணி பாஞ்சுச்சு. சும்மாவா?

இதுல எல்லாத்துலயும் கூட இருந்தவ ஒச்சு, மூக்காயி மக. ஒருத்தி இடுப்புல ஒக்காந்த ரெண்டும் ஒண்ணாவே வளந்துச்சுக, தாயக்கட்டம் வெளையாடுறதும், மயிரப் புடிச்சுச் சண்ட போடுறதும், மறுநிமிசம் ஒரே புளியங்காய ரெண்டு பேரு கடிக்கிறதும். இளவரசிய யாரு மேல ஏத்தி விட்டாலும் எறக்குறது ஒச்சு வேல. வயசு ஆக ஆக மத்தவுக வசவு அம்புட்டாப் பலிக்கல, ஏன்னா ராசா மகள வய்யிறமேங்கிற பயம் நாக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒச்சு வாயில அந்தப் பயம் பொறக்கவே இல்ல. அவ ஒரு 'டி' போட்டா நங்கூரம் போட்ட மாதிரி.

நல்லாப் போயிக்கிட்டிருந்த காரியத்துல ஒரு நா வெள்ளக்காரத் தொர விருந்துக்கு வந்தாரு. இளவரசிக்கு ஈயத்துல அடி வச்ச செருப்பு மாட்டி, அரக்குப் பட்டு கட்டி உக்கார வச்சிருக்காக. தொர என்னமோ இங்கிலீசுல புகழுறாரு, ஈயச் செருப்பு தாங்கிக்கிருது. இளவரசிக்கும் உள்ளுக்குள்ள ஒரு குளுகுளுப்பு, மொத மொதலா ஊரு ஒலகம் மாதிரி நம்மளையும் பெரிய மனுசியாப் பாக்குறாகளேன்னு. அந்நேரம் பாத்து ஒச்சு சன்னல்ல எட்டிப் பாத்து, "ஏய் தவுடு, வாடி, நாவப்பழம் உதுந்து கெடக்கு"ன்னா.

தொர திரும்பிப் பாத்தாரு. இளவரசிக்கு மொகம் செவந்துபோச்சு. "ஒச்சு, மருவாதயாப் பேசு"ன்னுருச்சு.

ஒச்சு மடியில இருந்த நாவப்பழத்த எடுத்து சன்னல் கட்டையில வச்சா. கைய எடுத்துக் கும்புட்டா. "சரிங்க மகாராணி"ன்னா.

அந்த 'ங்க' இருக்கே, தொர சொன்ன அம்புட்டும் தாங்குன ஈயச் செருப்பு அத்துக்கிட்டுக் கீழ விழ, இளவரசி போயி மச்சுல மண்ட இடிக்க முட்டுச்சு. அரமனை மொத்தமும் வஞ்சு வஞ்சு எறக்க சாயங்காலம் ஆயிருச்சு. ஒச்சு அதுக்கப்பறம் அரமனப் பக்கம் வரல. இளவரசியும் ஆள் விட்டுக் கூப்புடல. கூப்புட்டா வந்து 'என்னங்க'ன்னு கேட்டுட்டான்னா? அந்தப் பயம்.

இப்பிடி இருக்கையில சிங்கமுத்து ராசாவுக்கு ஆண்டு அலுத்துப்போச்சு. "இனிமே நான் கம்மாயில தூண்டி போட்டு உக்காரப் போறேன், எம்மகளுக்குப் பட்டம் கட்டுங்க"ன்னுட்டாரு. அங்கதான் அவரு தம்பி, சின்னராசா மருதப்பன், மீசையத் தடவுனாரு.

ஏழுமடையில பட்டம் கட்டுறதுக்குப் பட்டக்கல்லுன்னு ஒரு கருங்கல்லு உண்டு. அதுல வெறுங்காலோட ஏறி நிக்கணும். சங்கு ஊதுவாக, கட்டியக்காரரு பட்டப்பேரெல்லாம் கூவுவாரு, கடைசிப் பேரு கூவி முடிக்கையில பாதம் கல்லுல பதிஞ்சிருக்கணும். மறு சங்கு ஊதுற வரைக்கும் சபையில அமங்கலமா ஒரு சொல்லு விழக்கூடாது. இதுல எது தவறுனாலும் பட்டம் தம்பிக்கு. இப்பப் புரியுதா? புகழ்ந்தா கால் கல்லுல நிக்காது, வஞ்சா பட்டம் நிக்காது.

பழைய பட்டப்பேரு கொஞ்சந்தான், புள்ள இடுப்பு ஒசரம் போனாலும் கீழ ரெண்டு பேரு புடிச்சு அமுக்கிரலாம்னு ராசா நெனச்சிருந்தாரு. சின்னராசா என்ன செஞ்சாரு, சடையப்பனக் கூப்புட்டு, "பாவம்யா நீயி, இம்புட்டுத் தொண்டைய வச்சுக்கிட்டு இத்துனூண்டு சமஸ்தானத்துல நாலு பேரத்தான கூவுற, நான் புதுசா எழுதித் தாரேன், மனசாரக் கூவு"ன்னாரு. மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. வஞ்சகமில்லாத ஆளு, குரலுதான் அவருக்கு உசிரு. ராத்தூக்கமில்லாமப் பாடம் பண்ணாரு.

பட்டம் கட்டுற அன்னைக்கு ஊரே கோட்டைக்குள்ள. போட்டோ புடிக்கிறவன் கருப்புத் துணிக்குள்ள தலைய விட்டு நிக்கிறான். ஈயச் செருப்பக் கழட்டி வச்சுட்டு இளவரசி கல்லுல ஏறுச்சு. சங்கு ஊதியாச்சு. சடையப்பன் ஆரம்பிச்சாரு பாருங்க: "ஏழுமடை காத்த எழிலரசி! எண்டிசை புகழ் மார்த்தாண்டி! வேழ முகத்தில் வேல் பாய்ச்சிய வீரமாதங்கி!" அந்த ஒத்தக்கண்ணு யானை வேலுன்னதும் பயந்து ரெண்டடி பின்னால போச்சு. இடுப்பு ஒசரம், ஆளு ஒசரம், அமுக்கிப் புடிச்ச ரெண்டு பேரும் கூடச் சேந்து ஏறி, கால் ஒதறிக்கிட்டுத் தொங்கி, பயந்து குதிச்சுட்டாக. பந்தல் ஒசரம், கொடிமரத்து ஒசரம். கொக்குக்கூட்டம் ஒண்ணு மரியாதயா ஒதுங்கி வழி விட்டுச்சு. போட்டோக்காரன், "கொஞ்சம் கீழ பாருங்க அம்மா"ன்னான், அந்த 'ங்க'வுக்கு இன்னும் ஒரு மொழம்.

மேலருந்து பாத்தா ஏழு மடையும் தெரியுது, கடமடைப் பயிரு தெரியுது, சொகமான காத்து வேற. ஆனா கீழ ஒருத்தரு பேசுறதும் சரியா வெளங்கல. எல்லாரும் வாய்க்குள்ள எறும்பு மாதிரி முணுமுணுக்குறாக. இப்பிடியே இருந்தா மூணாம் மடையில தண்ணி வரலைங்கிறத யாரு வந்து சொல்லுவாகன்னு அதுக்குப் பகீர்னு ஆயிருச்சு. தன்னத்தானே வஞ்சுக்கிருவோம்னு, "நான் தவுட்டுக்கு வாங்குனவ!"ன்னு கத்துச்சு.

கீழ சனம், "ஆகா! மகாராணிக்கு என்ன அடக்கம்!"னு கன்னத்துல போட்டுக்கிருச்சு. இன்னும் ஒரு பனை ஒசரம்.

கூட்டத்துல ஓரமா ஒச்சு நிக்கிறது தெரிஞ்சுச்சு. "ஒச்சு! எதுனாச்சும் சொல்லு!"

ஒச்சு கும்புட்டா. அவ குரலு மட்டும் மேல வரைக்கும் எட்டும். "என்ன சொல்லணும்ங்க?"

சர்ர்ருன்னு மேல.

"'ங்க' போடாதடி பாவி!"

"மருவாதயாப் பேசச் சொன்னீங்கள்ல மகாராணி?"

இன்னும் மேல, இப்ப இளவரசி ஒரு கறிவேப்பிலை அளவுக்குத்தான் தெரியுது. சடையப்பன் ஆனந்தக் கண்ணீரோட கடைசிப் பேருக்கு மூச்சு இழுக்குறாரு. சின்னராசா கால அசைச்சு, செருப்பக் கழட்டத் தயாராயிட்டாரு. மன்னிப்புக் கேக்க நேரமில்ல. மன்னிப்புக் கேட்டாலும் சனம் 'என்ன குணம்'னு ஏத்தி விட்டுரும். இளவரசிக்கு ஒரே வழிதான் தெரிஞ்சுச்சு. இருக்குற மூச்செல்லாம் சேத்து, ஊரே கேக்கக் கத்துச்சு:

"அன்னைக்குத் தாயக்கட்டத்துல நீ கள்ள ஆட்டம்தான ஆடுன? காய நகத்தி வச்சத நான் பாத்தேன்டி, ஓட்டப்பல்லி!"

ஒச்சுவுக்குக் கும்புட்ட கை பிரிஞ்சிருச்சு. சேலைய இழுத்துச் சொருவிக்கிட்டா.

"யாருடி கள்ள ஆட்டம்? எவடி ஓட்டப்பல்லி? தவுட்டுக்கு வாங்குன கழுத! தோத்துட்டுக் கட்டத்தக் கலச்சது நீயி! எறங்கி வாடி, வெளக்கமாத்துக் கட்ட! பட்டு கட்டுனா மட்டும் ஆச்சா, சாணி உருண்ட, ஒரு நாவப்பழத்துக்கு வக்கில்லாத மூஞ்சி, எறங்குடி மொதல்ல! நான் ஆடுனது கள்ள ஆட்டமா?"

ஒவ்வொரு 'டி'க்கும் ஒரு பனை ஒசரம் எறங்குது. கொக்கு தாண்டி, கொடிமரம் தாண்டி, பந்தல் தாண்டி, காத்துல பட்டு படபடக்க, "ஆமாடி, கள்ள ஆட்டந்தான்!"னு பதிலுக்குக் கத்திக்கிட்டே, சடையப்பன் கடைசிப் பேரோட கடைசி எழுத்த இழுத்து முடிக்கவும் ரெண்டு பாதமும் கல்லுல தப்புன்னு பதிஞ்சுச்சு.

"அமங்கலம்!"னு குதிச்சாரு சின்னராசா. "சபையில வசவு விழுந்துருச்சு! பட்டம் செல்லாது!"

மூக்காயி முன்னால வந்தா, இடுப்புல கைய வச்சுக்கிட்டு. "எது சாமி அமங்கலம்? தவுடுங்கிறது அவளுக்கு வச்ச பேரு. பேரச் சொன்னாக் குத்தமா?"

"கழுதன்னாளே?"

"கழுத மொகத்துல முழிச்சா யோகம், ஒங்க வீட்டு வாசல்லயே படம் மாட்டியிருக்கீக."

சனம் 'அதான'ன்னுச்சு. "வெளக்கமாறு?"ன்னாரு. "லச்சுமி! மிதிச்சுட்டா தொட்டுக் கும்புடுறமா இல்லியா?"ன்னு ஒரு கூட்டம் பொம்பளைக. "சாணி உருண்ட?" "அருகம்புல்லச் சொருவுனா அதுதான் பிள்ளையாரு"ன்னாரு குருக்களு. "ஓட்டப்பல்லி?" சடையப்பனே சொன்னாரு, "அது கட்டியமில்ல, ஆனா பல்லி சொன்னா பலிக்கும்."

இதுல ஒரு வம்பு என்னன்னா, வசவெல்லாம் மங்கலம்னு ஒண்ணொண்ணா ருசுவாக ருசுவாக, இளவரசி குதிகால் திரும்பவும் கெளம்புது. ஒச்சு ஓடிப்போயி கல்லுல ஏறி, அவ பாதத்து மேல தன் பாதத்த வச்சு நல்லா மிதிச்சுக்கிட்டா. "வலிக்குதுடி"ன்னுச்சு மகாராணி. "வலிக்கட்டும்"னா ஒச்சு. மறு சங்கு ஊதிருச்சு.

மகாராணி போட்ட மொத உத்தரவு, சபையில ஒரு பட்டப்பேரு கூவுனா பின்னாலயே ஒரு வசவு விழணும். அதுக்கு ஒச்சுதான் உத்தியோகம், சிம்மாசனத்துக்குப் பக்கத்துல ஒரு முக்காலி. "எண்டிசை புகழ் மார்த்தாண்டி!"ம்பாரு சடையப்பன், "எட்டுத் தெசையும் தெரியும், ஏழாம் மட அடச்சுக் கெடக்குறது தெரியாது"ம்பா ஒச்சு, மகாராணி மம்பட்டியத் தேடும். சின்னராசாவையும் சும்மா விடல, அவருக்குப் புகழ்ச்சின்னா ஆசதானன்னு, தெனமும் ஒரு மணி நேரம் அவரப் புகழுறதுக்கு ஆள் போட்டாக. அவரு ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல, கொஞ்சம் பெருத்தாரு.

வருசம் தவறாம மட தொறக்கையில எல்லாத் தண்ணியும் கடமடை சேந்த பெறகு, கூட்டம் கலஞ்சதும், கரையில மகாராணியும் ஒச்சுவும் மட்டும் நாவப்பழம் தின்னுக்கிட்டு நிப்பாளுக. அப்ப ஒச்சு அக்கம் பக்கம் பாத்துட்டு, யாருக்கும் கேக்காம, "எந்தங்கம்டி நீயி"ன்னு ஒரே ஒரு தடவ சொல்லுவா. மகாராணி இடுப்பு ஒசரம் கெளம்பி, சேத்துக் கால ஆட்டிக்கிட்டு, ஊதாப் பல்லக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு மெதக்கும். ஒச்சு அவ கால் கட்டவிரலப் புடிச்சுக்கிட்டு நிப்பா.

அம்புட்டுத்தான், கத எறங்கிருச்சு, நீங்களும் எந்திரிங்க. யாரும் வந்து எங்கிட்ட, கத நல்லாருந்துச்சுன்னு மட்டும் சொல்லிறாதீக. எனக்கு ஒசரம்னா தல சுத்தும்.